உலகம் தொடங்கும் ஆண்டு

ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு நாள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் மூன்றே கால் மணி நேரத்தில் உலக வரலாற்றை எழுதி முடிக்கிறார்கள். பெரும்பாலோர் அமெரிக்கப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள். 55 நிமிடங்களில் 55 கொள்குறி வினாக்கள், 40 நிமிடங்களில் மூன்று குறுவினாக்கள், ஒரு மணி நேரத்தில் ஆவணங்களைக் கொண்டு ஒரு கட்டுரை, மேலும் 40 நிமிடங்களில் ஆவணமின்றி இன்னொரு கட்டுரை. 2025 முதல் இவை யாவும் கணினித் திரையில் நிகழ்கின்றன. ‘ஏ.பி. வேர்ல்டு ஹிஸ்டரி’ என்று பிள்ளைகள் வாயில் வழங்கும் இத்தேர்வை நடத்துவது காலேஜ் போர்டு என்னும் நிறுவனம். ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால், பல கல்லூரிகள் அதை ஒரு பாடம் படித்ததற்கு ஈடாக ஏற்றுக்கொள்கின்றன. கட்டணத்திலும் அந்த அளவுக்கு மிச்சம்.

கடல் கடந்து வாழும் நம் வாசகர்கள் பலருக்கு இது வீட்டுச் செய்தி. மகளின் மேசைமேல் செங்கல் கனத்தில் கிடக்கும் வழிகாட்டி நூலைப் புரட்டிப் பார்த்து மலைத்தவர்கள் இருப்பார்கள். அந்தக் கனத்தைப் பற்றி நமக்குப் பெரிய கவலை இல்லை. நம் பள்ளி இறுதித் தேர்வுகளின் ‘நோட்ஸ்’ அதற்குச் சற்றும் இளைத்ததன்று. உலக வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், அந்தத் தீர்மானம் பதினைந்து வயது மாணவரின் கையில் என்னவாக வந்து சேர்கிறது என்பதே நம் கேள்வி.

உலக வரலாறு என்ற பாடம் அமெரிக்காவில் எளிதில் இடம்பிடித்ததன்று. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-இல், கொலம்பியா பல்கலைக்கழகம் ‘சமகால நாகரிகம்’ என்னும் பாடத்தைத் தொடங்கியது. அதன் வழியில் ‘மேலை நாகரிகம்’ என்னும் பாடம் கல்லூரிதோறும் பரவி, பள்ளிகளுக்கும் இறங்கிவந்தது. அந்த வரலாறு ஓர் அஞ்சலோட்டம் போன்றது. கிரேக்கம் கோலை ரோமிடம் தரும். ரோம் கிறித்தவ ஐரோப்பாவிடம் தரும். அது மறுமலர்ச்சிக்கும் அறிவொளிக் காலத்துக்கும் தரும். கடைசியில் கோல் அமெரிக்காவின் கையில் வந்து நிற்கும். சீனமும் இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஓடுபாதையின் ஓரத்தில் நின்று பார்ப்பவர்கள்.

இதை எதிர்த்தவர்களில் மூவரை நாம் மறக்கக் கூடாது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டாவ்ரியானோஸ், நிலவில் நிற்பவன் பூமியைப் பார்ப்பதுபோல் வரலாற்றைப் பார்க்க வேண்டும் என்றார்; 1962-இலேயே உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று ஓர் உலக வரலாற்று நூலையும் தந்தார். சிகாகோவின் வில்லியம் மெக்நீல் 1963-இல் ‘மேற்கின் எழுச்சி’யை வெளியிட்டார். தலைப்பு நம்மை ஏமாற்றும். நாகரிகங்கள் தனித்தனித் தீவுகளாக வளரவில்லை, அந்நியரோடு உரசித்தான் மாறின என்பதே அந்நூலின் வாதம். அதே மெக்நீல், 1990-இல் தொடங்கப்பெற்ற உலக வரலாற்று ஆய்விதழின் முதல் இதழில் தம் நூலையே மறுபரிசீலனை செய்து, பத்தாம் நூற்றாண்டுக்குப் பிந்திய சீனத்தின் இடத்தை அது உரிய அளவில் காணவில்லை என்று எழுதினார். அவ்வளவு பெரும்புகழ் பெற்ற நூலைப் பற்றி அதன் ஆசிரியரே அப்படி எழுதுவது அரிது. மூன்றாமவர் மார்ஷல் ஹாட்ஜ்சன். 1968-இல் நாற்பதுகளிலேயே மறைந்தவர். இஸ்லாமிய உலகைப் பற்றிய அவருடைய மூன்று தொகுதிகள் அவர் மறைவுக்குப் பின் 1974-இல்தான் வந்தன. நிலப்படத்தில் ஐரோப்பாவை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும் மெர்கேட்டர் வரைமுறையையே ஒரு வரலாற்றுப் பிழையாகக் கண்ட மனிதர் அவர்.

இவர்களின் மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும் 1982-இல் உலக வரலாற்றுச் சங்கத்தை அமைத்தார்கள். 1994-இல் பள்ளிகளுக்கான தேசிய வரலாற்றுத் தரநிலைகள் வந்தபோது லின் சேனி முதலியோர் அவற்றைக் கடுமையாகத் தாக்கினார்கள். 1995 ஜனவரியில் அமெரிக்க செனட் 99-க்கு 1 என்ற வாக்கில் அவற்றைக் கண்டித்தது. அப்படிப்பட்ட காற்று வீசிய நாட்டில், ஏழே ஆண்டுகளில், 2002 மே மாதத்தில் ஏ.பி. உலக வரலாற்றின் முதல் தேர்வு நடந்தது என்பது வியப்புக்குரியது. முதல் ஆண்டிலேயே இருபதாயிரம் பேருக்கு மேல் எழுதினார்கள். ஐரோப்பாவுக்கு முப்பது விழுக்காட்டுக்கு மேல் இடமில்லை என்று தொடக்க காலப் பாட விளக்கம் வரம்பே கட்டியிருந்தது. வேளாண்மை தோன்றிய காலம் முதல் நேற்று வரை, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளை அப்பாடம் தழுவியது.

பத்தாயிரம் ஆண்டுகளை ஒன்பது மாதங்களில் நடத்துவது இயலாத காரியம் என்பதில் ஐயமில்லை. ஆசிரியர்கள் திணறினார்கள், மாணவர்கள் வாரத்துக்கொரு பேரரசை விழுங்கினார்கள். 2018-இல் காலேஜ் போர்டு ஒரு தீர்வை அறிவித்தது: 2019-20 கல்வியாண்டு முதல் தேர்வு 1450-இலிருந்து தொடங்கும். அதற்கு முந்தியவற்றைப் பள்ளிகள் விரும்பினால் தனியே நடத்திக்கொள்ளலாம், தேர்வில் வராது.

தேர்வில் வராதது வகுப்பில் வராது என்பது உலகெங்கும் ஆசிரியர்கள் அறிந்த உண்மை. ஆகவே கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு ஜூனில், விடைத்தாள் திருத்துவதற்காக சால்ட் லேக் சிட்டியில் கூடியிருந்த ஆசிரியர்கள், ஏ.பி. திட்டத்தின் தலைவர் டிரெவர் பேக்கரை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். அவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்: 1450-இல் தொடங்கினால் ஆப்பிரிக்காவும் அமெரிக்கக் கண்டங்களும் பாடத்துக்குள் முதன்முதலாக எப்போது நுழையும்? ஐரோப்பியக் கப்பல் கரை தொடும்போது. ஆப்பிரிக்கர் அடிமையாகவும், ஆஸ்டெக் மக்கள் தோற்றவராகவும் அறிமுகமாவார்கள். 1324-இல் கெய்ரோவைத் தன் பொன்னால் திகைக்க வைத்த மாலி மன்னர் மான்சா மூசா காணாமல் போவார். கறுப்பின மாணவர் தம் முன்னோரைச் சங்கிலியோடு மட்டுமே பாடப்புத்தகத்தில் சந்திப்பார்.

கையெழுத்து இயக்கங்கள் நடந்தன. வரலாற்றறிஞர்கள் மறுப்பு எழுதினார்கள். ஜூலையில் காலேஜ் போர்டு இறங்கிவந்தது. எல்லைக்கோடு 1450-இலிருந்து 1200-க்கு நகர்ந்தது. பாடத்தின் பெயர் ‘உலக வரலாறு: நவீனம்’ என்றாயிற்று. பழங்காலத்துக்கென்று இன்னொரு பாடத்தைப் பற்றிய பேச்சும் எழுந்தது. அது தேர்வாக உருப்பெறவில்லை.

1200 என்ற ஆண்டில் அப்படி என்ன நடந்தது என்று தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. செங்கிஸ்கானின் எழுச்சி 1206. அவரை உள்ளே கொண்டுவர வேண்டும், அவருக்குப் பிந்திய பட்டுச்சாலையையும் இந்தியப் பெருங்கடலையும் மாலியையும் கொண்டுவர வேண்டும், அதே சமயம் பாடம் கனக்கவும் கூடாது. பேரத்தில் பிறந்த எண் அது. 1450-ஐவிட எவ்வளவோ மேல் என்பது நம் கருத்து. ஆனாலும் அதன் விளைவுகள் விசித்திரமானவை. நபிகள் இல்லாமல் இஸ்லாம் முழு உருவோடு வந்து நிற்கிறது. அசோகர் இல்லாமல் பௌத்தம் தாய்லாந்தில் இருக்கிறது. ரோம் இடிந்து வெகுகாலமாகிவிட்டது. இடிவதற்கு முன் கட்டியது யார் என்று கேட்கக் கூடாது. (1930 முதல் 1933 வரை சிறைகளிலிருந்து நேரு தம் மகளுக்கு உலக வரலாற்றைக் கடிதங்களாக எழுதினார். தொடங்கும்போது இந்திராவுக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை. அவருக்கு எல்லைக்கோடு எதுவும் தேவைப்படவில்லை. நேரம் இருந்தது, மதிப்பெண் இல்லை.)

நம்முடைய கடலிலேயே அந்தக் கோடு எப்படி விழுகிறது என்று பார்க்கலாம். பாடத்திட்டத்தின் முதல் அலகு தென்னாசிய, தென்கிழக்காசிய அரசுகளுக்கு எடுத்துக்காட்டாக விஜயநகரம், கெமர் பேரரசு, மஜாபாஹித் முதலியவற்றைச் சொல்கிறது, ஸ்ரீவிஜயத்தையும் சொல்கிறது. ஸ்ரீவிஜயம் உச்சத்தில் இருந்தது 1200-க்கு வெகு முன்னர். அதன் வலிமையைக் குலைத்த அடிகளுள் ஒன்று 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கொடுத்தது. அடிபட்டவர் தேர்வுக்குள் இருக்கிறார். அடித்தவர் கோட்டுக்கு அப்பால் நிற்கிறார். சுமத்திராவின் பாருஸில் தமிழ் வணிகக் குழுவினர் கல்வெட்டுப் பொறித்தது 1088-இல், அது வெளியே. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டோடு சிவன்கோயில் எழுந்தது 1281-இல், அது உள்ளே. ஒரே கடல், ஒரே மரபு வணிகர், இருநூறு ஆண்டு இடைவெளி. காரணம் வெளியே நிற்கிறது, காரியம் உள்ளே வருகிறது. சோழர் பெருமைக்காக நாம் இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் சீனத்துச் சாங் அரசையோ பாக்தாதையோ வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு, இத்தேர்வில் நாம் மனமார மதிக்கும் பகுதிக்கு வருவோம். அது ஆவணவழிக் கட்டுரை. 1973-இல் அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் முதன்முதலாகப் புகுத்தப்பட்ட வினா வகை இது. இன்றைய உலக வரலாற்றுத் தேர்வில் ஏழு ஆவணங்கள் தரப்படும்: ஒரு கடிதம், ஒரு பயணக் குறிப்பு, ஓர் அரசாணை, ஒரு வரைபடம் அல்லது ஓவியம் என்று. படிக்கப் பதினைந்து நிமிடம், எழுத நாற்பத்தைந்து நிமிடம். ஆவணம் சொல்வதைத் திருப்பிச் சொன்னால் போதாது. சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எந்தச் சூழலில், எதை நாடி என்று கேட்டு, அந்த விடைகளைத் தம் வாதத்துக்குள் மாணவர் கொண்டுவர வேண்டும். மன்னர் பெயரும் போர் ஆண்டும் ஒப்பித்து வளர்ந்த நமக்கு, பதினைந்து வயதில் இப்படி ஒரு கேள்வி நம்மிடம் கேட்கப்பட்டிருக்கலாகாதா என்ற ஏக்கம் எழாமல் இராது.

ஒரு சான்றை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் காலி நகரில் 1911-இல், சாலையோரச் சிறுபாலம் ஒன்றின் அருகே ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹெ (1405-க்கும் 1433-க்கும் இடையே ஏழு பெரும் பயணங்களை நடத்தியவர்) கொண்டுவந்து நாட்டிய கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுத்து. தேதி 1409 பிப்ரவரி. கல் சீனத்திலேயே பொறிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது என்பது ஆய்வாளர்களின் பொதுக்கருத்து.

மூன்று மொழியிலும் ஒரே செய்திதான் இருக்கும் என்று முதலில் தோன்றும். இல்லை. சீனப் பகுதி, சீனப் பேரரசர் புத்தருக்கு நன்றி கூறிக் காணிக்கை செலுத்துவதாகச் சொல்கிறது. தமிழ்ப் பகுதியில் காணிக்கை பெறுபவர் தெனாவரை நாயனார். இன்றைய தேவிநுவரையில் கோயில் கொண்டிருந்த திருமால். பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதியில் எஞ்சியுள்ள சொற்கள் இஸ்லாத்தைச் சார்ந்தவை. காணிக்கைப் பட்டியலோ ஏறத்தாழ ஒன்றேதான்: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டுகள், நறுமண எண்ணெய், விளக்கு, தூபப் பொருள்கள். மூன்று தெய்வங்களுக்கும் சரிசமப் பங்கு.

இங்கேதான் மாணவர் நிதானிக்க வேண்டும். ‘செங் ஹெ சமய நல்லிணக்கம் கொண்டவர்’ என்று எழுதி நிறுத்துவது எளிது; அவர் யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கல் யாரைப் பார்த்துப் பேசுகிறது? தமிழும் பாரசீகமும் அந்தக் கடலின் வணிக மொழிகள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவோரின் முன்னால் நின்று, உங்கள் கடவுளரை நாங்கள் மதிக்கிறோம் என்கிறது கல். வணங்குவதும் வணிகத்துக்கு அழைப்பதும் அதில் வேறுவேறல்ல. இன்னொன்று: சிங்கள மன்னர்கள் ஆண்ட தீவில் நாட்டிய கல்லில் சிங்களம் இல்லை. ஆவணம் சொல்லாமல் விடுவதும் சான்றுதான். அரண்மனையைக் காட்டிலும் துறைமுகத்தையே கல் நோக்கியது என்று அதிலிருந்து வாதிடலாம். உறுதியாக அடித்துச் சொல்ல முடியாது.

ஆவணத்துக்கு வெளியேயிருந்தும் ஒரு சான்று சேர்க்க வேண்டும் என்பது விதி. அதுவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. கல்லில் உள்ள தேதிக்கு இரண்டே ஆண்டுகளில், 1411-இல், செங் ஹெயின் படை அதே தீவில் போரிட்டு, அங்கு அதிகாரம் செலுத்திய அழகக்கோனாரைச் சிறைபிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோயிற்று. பேரரசர் பின்னர் விடுவித்தார். மூன்று தெய்வங்களுக்குப் பட்டு கொண்டுவந்த அதே கப்பல்கள், ஆட்சியாளரையும் ஏற்றிச் சென்றன. மிங் பயணங்களை அமைதித் தூது என்பாரும் உண்டு, ஆதிக்கம் என்பாரும் உண்டு. இந்தக் கல்லையும் இந்தப் போரையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் மாணவர் இரண்டு கட்சியிலும் எளிதில் சேர முடியாது.

இன்னொரு சாட்சி இப்னு பதூதா. 1340-களில் மதுரை சுல்தானிடம் தங்கியவர். சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை; இருவரும் மதுரை சுல்தானகத்தை நிறுவியவரின் பெண்களை மணந்தவர்கள். தம் மதத்தவர், உறவினர், விருந்தோம்பியவர். ஆயினும், பிடிபட்டவர்களைப் பெண்டு பிள்ளைகளோடு கொன்ற அவருடைய கொடுமையை இப்னு பதூதா வெறுப்போடு பதிவு செய்கிறார். எதிரி சொன்னால் ஐயுறலாம். சகலை சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? பல ஆண்டு கழித்து மொராக்கோ திரும்பி, அங்குள்ள அரசின் ஆதரவில், இன்னொருவர் எழுத வாய்மொழியாகச் சொன்ன நூல் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சொல்பவரின் நிலை என்றால் என்ன என்று கற்பிக்க இதைவிட நல்ல பாடம் தெற்குக்கு வாய்க்காது.

தேர்வுக்கான ஆயத்தம் இப்படித்தான் நடக்கிறதா என்றால், சில வகுப்புகளில் நடக்கிறது. பெரும்பாலும் நடப்பது வேறு. ஆவணக் கட்டுரைக்கு ஏழு மதிப்பெண்: ஆய்வுரைக்கு ஒன்று, பின்புலத்துக்கு ஒன்று, சான்றுகளுக்கு மூன்று, பகுப்பாய்வுக்கு இரண்டு. இந்த அட்டவணை மாணவர்க்கு மனப்பாடம். ‘ஹிப்’ என்றொரு மந்திரம் வகுப்பறைகளில் உலவுகிறது. சூழல், கேட்போர், நோக்கம், நோக்குநிலை என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள். நான்கில் ஒன்றைப் பிடித்து, ‘இந்த ஆவணத்தின் நோக்கம் இன்னது, ஏனெனில்’ என்று ஒரு வாய்பாட்டு வாக்கியம் எழுதினால் அரைக்கிணறு தாண்டியாயிற்று. முன்பு மூன்று ஆவணங்களுக்கு இப்படிச் செய்ய வேண்டியிருந்தது. 2023-24 கல்வியாண்டு முதல் இரண்டு போதும். ஏழாவது மதிப்பெண், சிக்கலை உணர்ந்து எழுதுவதற்கு உரியது. நெடுங்காலம் மிகச் சிலருக்கே கிடைத்துவந்தது. அதைப் பெறவும் வாய்பாடு விற்கிறார்கள். ‘ஒருபுறம், மறுபுறம்’ என்று எழுதினால் சிக்கலாகிவிடுமாம். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் தேர்வு முழுவதையும் வீட்டிலிருந்தபடி 45 நிமிடங்களில் எழுதும் ஒரே ஆவணக் கட்டுரையாகச் சுருக்கினார்கள், ஐந்து ஆவணங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது, நடத்துவோரே இத்தேர்வின் உயிர் எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்ததைக் காட்டுகிறது.

வாய்பாட்டைப் பழிப்பதில் நமக்கு ஆர்வமில்லை. யாப்பு கற்பவரும் வாய்பாட்டில்தான் தொடங்குகிறார்கள். தேமாவும் புளிமாவும் கவிதை அல்ல என்பது எவருக்கும் தெரியும். ஆயத்தம் செய்யும் பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான். காலேஜ் போர்டு முந்தைய ஆண்டுகளின் கட்டுரை வினாக்களையும், மாணவர் எழுதிய மாதிரி விடைகளையும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற விளக்கத்தையும் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. வழிகாட்டி நூலைவிட அவை மேலானவை. கடிகாரத்தை ஒதுக்கிவைத்து ஏழு ஆவணங்களையும் ஒரு மாலை முழுவதும் படித்துவிட்டு, பிறகு நேரம் வைத்து எழுதிப் பார்க்கலாம். உண்மைகளை அடுக்குவதற்கு ராஸ் டன் எழுதிய இப்னு பதூதா வரலாறு போன்ற ஒரு நூல், நூறு குறிப்பட்டைகளைவிட அதிகம் உதவும். ஒரு மனிதனின் பின்னால் நடந்தால் டில்லியும் மாலியும் கெய்ரோவும் ஒரே வரியில் கோத்துக்கொள்கின்றன.

கடைசியாக, பாட விளக்கத்தில் உள்ள ஒரு சிறு விதி. ஆவணமின்றி எழுதும் நெடுங்கட்டுரையில் 1200-க்குப் பிந்திய எக்காலமும் கேட்கப்படலாம். ஆவணவழிக் கட்டுரையோ 1450 முதல் 2001 வரையிலான பொருள்களில் மட்டுமே அமையும். 2018-இல் ஆசிரியர்கள் வாசல் வழியே விரட்டிய ஆண்டு, தேர்வின் மிகச் சிறந்த அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில் மான்சா மூசாவைக் கண்ட கெய்ரோவாசிகளுக்கு இடமில்லை. மதுரைச் சகலைக்கு இடமில்லை. காலியின் கல் நாற்பத்தொரு ஆண்டுகளால் தவறிவிடுகிறது. கொள்குறி வினா ஒன்றில், நான்கு விடைகளுக்கு மேலே ஒரு பத்தியாக அது வரக்கூடும். அதற்கு மாணவருக்குக் கிடைப்பது சராசரி ஒரு நிமிடம்.